இடது தாடை

நடுச் சதுக்கத்தில் நிற்கும் வெண்கலச் சிப்பாயை இன்றைக்கு யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் பீடத்தின் நிழலில் ஒதுங்குகிறார்கள். காதலிக்கிறவர்கள் "சிப்பாய்கிட்ட வந்துடு" என்று போனில் சொல்லிக்கொள்கிறார்கள். துப்பாக்கியைத் தாழ்த்திப் பிடித்து, தலையைச் சற்றே குனிந்து, அவன் பாட்டுக்கு நிற்கிறான். பீடத்துக் கல்லில் திறந்து வைத்தவர் பெயர் இருக்கிறது, நினைவுச்சின்னக் குழுத் தலைவர் பெயர் இருக்கிறது, உறுப்பினர்கள் பதினோரு பேரின் பெயரும் வரிசையாக இருக்கிறது. நிற்கிறவன் யாரென்று மட்டும் போடவில்லை. மறந்து விட்டதல்ல, போடக்கூடாது என்று கூட்டம் போட்டு முடிவெடுத்தார்கள்.

முதலில் அவர்கள் நினைத்தது குதிரைமேல் ஒரு தளபதியை. எந்தத் தளபதி என்பதில் மூன்று கூட்டம் போயிற்று. நான்காவது கூட்டத்தில் ஒருவர் மேசையைக் குத்தப்போய், தண்ணீர்க் குவளை கவிழ்ந்து, குதிரையின் வரைபடம் ஊறிப்போயிற்று. அதோடு எல்லோருக்கும் அலுத்துவிட்டது. குதிரையும் வேண்டாம், தளபதியும் வேண்டாம், சாதாரணச் சிப்பாய் ஒருவன் போதும், அவன் யாருடைய ஆளாகவும் இருக்கக்கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். போர் முடிந்து அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது.

வேலை ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த வார்ப்புப் பட்டறைக்கு வந்தது. உலையிலிருந்து வெளியே வரும்போது எந்த உருவமும் பார்க்கச் சகிக்காது. அச்சின் இரண்டு பாதியும் சேரும் இடத்தில் உலோகம் பிதுங்கி, கயிறு ஒட்டிய மாதிரி ஒரு விளிம்பு நிற்கும். அங்கங்கே முள்ளும் முடிச்சுமாக இருக்கும். அந்தப் பிசிறையெல்லாம் உளியால் தட்டி, அரத்தால் ராவி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மழமழவென்று ஆக்குவதற்கென்றே அங்கே ஒருவர் இருந்தார். இருபத்தேழு வருஷமாக அதே வேலை. பட்டறையில் அவருக்குப் 'பிசிறு' என்று பெயர். பிசிறு தேய்த்து முடித்த இடத்தில் ஈ உட்கார்ந்தால் வழுக்கி விழும் என்று முதலாளி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவார்.

அவருக்கு ஒரே மகன். பட்டாளத்தில் இருந்தான். போரெல்லாம் பார்த்துவிட்டு, மேலில் ஒரு கீறல் இல்லாமல், பன்னிரண்டு நாள் விடுப்பில் வந்திருந்தான். அப்பா வீட்டில் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடியைக் கொடுக்கப் பட்டறைக்கு வந்தவனைச் சிற்பி பார்த்துவிட்டார்.

"தம்பி, அப்படியே நில்லு. தலைய மட்டும் கொஞ்சம் கீழ."

"ஏன் சார், மேல ஏதாவது விழுதா?"

"விழுந்தாலும் அசையாத."

சாயங்காலம் வீட்டில் இதைச் சொன்னபோது பிசிறின் மனைவி உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

"செத்தவங்களுக்காக வைக்கிற சிலைங்க அது. உசுரோட இருக்கற பையன் மூஞ்சிய அதுக்கு வைப்பாங்களா? கொஞ்சமாவது யோசிச்சுப் பேசறீங்களா நீங்க?"

"யாரோ ஒருத்தன் மூஞ்சி வேணும்ல. நம்ம பையன் மூஞ்சிக்கு என்ன கொறச்சல்? ஊரே பாக்கப் போவுது."

"ஊரு பாத்து எனக்கு என்ன ஆவணும்?"

மகன் இருவரையும் பார்த்துச் சிரித்தான். "அம்மா, நல்லா யோசிச்சுப் பாரு. செத்தவன் போயி நிக்க முடியுமா? நிக்கிறதுக்கு உசுரோட இருக்கறவன்தான் வேணும். போர்ல ஓடி ஓடிக் கால் தேஞ்சு போச்சு. பத்து நாள் சும்மா நிக்கிற வேலை குடுக்கறாங்க, கெடுக்காத."

அவள் அரைமனதாகச் சம்மதித்தாள். சம்மதித்த கையோடு, தினமும் டீயும் ரொட்டியும் எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போகத் தொடங்கினாள். இவள் ஊட்டிவிடுவதால் கன்னம் அசைகிறது என்று சிற்பி கோபித்துக்கொண்டார். "பத்து மாசம் கழிச்சு வந்திருக்கான், பசியோட நிக்க வச்சா முகம் வாடிடாதா? அப்புறம் வாடின முகத்தத்தான் செய்வீங்க" என்று அவள் வாதாடினாள். களிமண்ணில் மகன் கொஞ்சம் கொஞ்சமாக வந்துகொண்டிருந்தான். ஒன்பதாம் நாள், இடது தாடையில் அந்தத் தழும்பையும் சிற்பி இழுத்து வைத்தார்.

அந்தத் தழும்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது போரில் வந்ததல்ல. அவன் எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது, அவள் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு துணிக்கூடையோடு மாடிப்படி இறங்கினாள். படியில் ஈரம். அவள் விழுந்தாள், குழந்தையின் தாடை படி விளிம்பில் மோதிக் கிழிந்தது. ஒரு விரல் அகலத்துக்குத் தையல் போட்டார்கள். ஆறியபோது அது அமுங்காமல் தடித்துப்போய், தொட்டால் தெரிகிற மாதிரி நின்றுவிட்டது. அவன் வளர்ந்து, முகச்சவரம் செய்யும் வயதில், பிளேடு அதில் தட்டும்போதெல்லாம் "அம்மா உபயம்" என்று கத்துவான். ஊருக்குக் கிளம்பும்போது அவள் அவனைக் கட்டிக்கொள்ள மாட்டாள், முத்தம் கொடுக்க மாட்டாள். கட்டைவிரலால் அந்தத் தழும்பை ஒரு தடவை தடவி விடுவாள். மன்னிப்புக் கேட்பதும் அதுதான், வழியனுப்புவதும் அதுதான்.

களிமண்ணில் அதைப் பார்த்ததும் கையை நீட்டினாள்.

"ஐயோ தொடாதீங்கம்மா, ஈரமா இருக்கு!" என்று சிற்பி அலறினார்.

"தொடல, தொடல. அப்படியே இருக்குங்க. அச்சு அசலா இருக்கு."

பன்னிரண்டாம் நாள் அவன் போய்விட்டான். போர் முடிந்துவிட்டதென்றாலும் எல்லையில் புதைத்து வைத்த கண்ணிவெடிகளைத் தோண்டி எடுக்க ஆட்கள் வேண்டியிருந்தது. "தோட்ட வேலைதான்மா, மண்ணைக் கிளறணும், அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பட்டறையில் வேலை நடந்தது. அச்சு எடுக்கையில் களிமண் உள்ளேயே சிதைந்தது. மெழுகு ஊற்றினார்கள். அந்த மெழுகும் உலையில் உருகி வழிந்தோடி, அது இருந்த இடத்தில் வெண்கலம் இறங்கியது. வார்ப்பு நன்றாக வந்ததும், வழக்கம்போல அச்சை உடைத்துக் கொட்டினார்கள். தலை தனி, உடல் தனி, துப்பாக்கி தனியாக வந்திருந்தது. அன்று மத்தியானம் பிசிறு தலையைத் தன் மேசைக்கு உருட்டிக்கொண்டு வந்து வைத்தார். அதே மத்தியானம் அவர் வீட்டு வாசலில் ஒரு பட்டாள வண்டி வந்து நின்றது.

வந்த இரண்டு பேரும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்கள். உடல் என்று கொண்டுவர எதுவும் கிடைக்கவில்லை என்பதை ஒருவர் சொன்னார். இன்னொருவர் அதையே வேறு வார்த்தைகளில் மறுபடி சொன்னார். ஒரு பை கொடுத்தார்கள். அதில் துவைத்து மடித்த இரண்டு சட்டை, ஒரு சீப்பு, ஒரு புகைப்படம். புகைப்படத்தில் அவன் இரும்புத் தொப்பி போட்டிருந்தான். தொப்பியின் வார் இரண்டு தாடையையும் மறைத்து இறுக்கிக் கட்டியிருந்தது. வளர்ந்த பிறகு எடுத்த வேறு படம் வீட்டில் இல்லை.

ஆறாம் நாள் பிசிறு வேலைக்குப் போனார். வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. வருகிறவர்கள் எல்லோரும் என்ன நடந்தது என்று கேட்டார்கள், அவளும் ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொன்னாள்.

முதலாளி எதிரே வந்து நின்றார். "அண்ணே, தலைய வேற ஆளு பாத்துக்கட்டும். நீங்க துப்பாக்கிய எடுத்துக்கங்க."

"வேற எவன் கை வைப்பான் என் பையன் மேல?"

முதலாளி வழியை விட்டு விலகினார்.

பிசிறு அரத்தை எடுத்துவிட்டார், ஆனால் அந்த முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை. பார்த்துக்கொண்டே அரம் போட்டால் மூக்கு போய்விடும். கடைசியில் ஓர் ஈரத்துணியை எடுத்து நெற்றியிலிருந்து உதடுவரை போர்த்தினார். அவருக்குக் கண் தேவையில்லை. இத்தனை வருஷத்தில் பிசிறைக் கண்டுபிடிப்பது அவர் கட்டைவிரல்தான். விரலை ஓட்டுவார், எங்கே தட்டுகிறதோ அங்கே அரம் இறங்கும், மறுபடி விரலை ஓட்டுவார், தட்டாதவரை விடமாட்டார். அச்சுக் கோடு காதுக்குப் பின்னாலிருந்து கழுத்து வழியாகத் தாடை ஓரமாய் வந்திருந்தது. சுவரைப் பார்த்துக்கொண்டே அதைத் தேடித் தேடி எடுத்தார். அந்த வேலை நடந்த நான்கு நாளும் அவர் அழுதார், மூக்கைச் சிந்தினார், சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு மறுபடி ராவினார். வேலை மட்டும் சுத்தமாக நடந்தது.

எல்லாம் முடித்து, தலையை உடலோடு பொருத்திச் சதுக்கத்துக்கு அனுப்புவதற்கு முன்பு, அவளை ஒரு தடவை கூட்டிவந்து காட்டச் சொல்லி முதலாளியே சொன்னார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆட்களையெல்லாம் வெளியே அனுப்பிவிட்டார்.

அவள் வந்ததும் குழாயடியில் கையைக் கழுவினாள். சோப்புப் போட்டு இரண்டாம் தடவையும் கழுவினாள். சால்வையில் துடைத்துக்கொண்டு வந்து, மேசைமேல் இருந்த தலையை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்தாள்.

"ஜில்லுனு இருக்கான்."

"வெயில்ல நின்னா சூடாயிடுவான்."

அவள் நெற்றியைத் தொட்டாள், புருவத்தைத் தொட்டாள். மூக்கைத் தொட்டபோது லேசாகச் சிரித்தாள். அது அவள் அப்பாவின் மூக்கு. காது மடலைப் பிடித்தாள். பிறகு கட்டைவிரல் இடது தாடைக்குத் தானாக இறங்கிற்று. இறங்கி, மேலே போய், திரும்பக் கீழே வந்தது. அவள் குனிந்து பார்த்தாள். தலையைச் சுற்றிவந்து வலது பக்கமும் பார்த்தாள்.

"எங்கங்க?"

"எது?"

"அதாங்க. எங்க அது? சிற்பி வச்சிருந்தாரே. நான் பாத்தேனே."

பிசிறுக்கு அப்போதுதான் உறைத்தது. காலடியில் இருந்த அரத்தூள் குவியலை அவர் கண் போய்ப் பார்த்தது.

"நீங்கதான் எடுத்தீங்களா?"

"தட்டுச்சு... கையில தட்டுச்சு. பிசிறுன்னு நெனச்சு..."

"பிசிறா? இருபத்தஞ்சு வருஷமா உங்க கண்ணு முன்னாடி இருந்துச்சு. அது பிசிறுங்களா?"

"நான் மூஞ்சியப் பாக்கலம்மா. பாக்க முடியல. துணி போட்டு மூடிட்டுத்தான்..."

அவள் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும். தலையிலிருந்து கையை மெதுவாக எடுத்துவிட்டு, "அது ஒண்ணுதாங்க நான் அவன் மேல வச்சது. மிச்சம் எல்லாம் அவனா வளந்தது" என்றாள். பிறகு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து வீட்டில் டீ வந்தது, ரொட்டி வந்தது, பேச்சு வரவில்லை. அவர் சாப்பிட உட்கார்ந்தால் அவள் எழுந்து துணி மடிக்கப் போனாள். சிலை உறையோடு சதுக்கத்துக்குப் போய்ப் பீடத்தில் ஏறிவிட்டது. சுற்றிலும் சாரம் கட்டி, திரை போட்டு மூடியிருந்தார்கள். பிசிறுக்கு ஒரே எண்ணம்தான். ஒரு சொட்டு வெண்கலம். பற்றவைத்து, தட்டி, கொஞ்சம் ராவினால் முடிந்தது, அரை மணி நேர வேலை. அதை வைத்துவிட்டால் அவள் தன்னை நிமிர்ந்து பார்ப்பாள். மகன் திரும்ப வரமாட்டான், அவன் தாடையாவது வரும்.

சிற்பியைத் தேடிப் போனார். சிற்பி அவரை உட்காரவைத்து, தலையைக் கவிழ்த்துக்கொண்டு சொன்னார்:

"நான் அன்னைக்கே பாத்துட்டேன்."

"பாத்துட்டுமா சும்மா இருந்தீங்க?"

"குழுவுல ரெண்டு தடவ கேட்டாங்க, அந்தத் தழும்ப எடுத்துடுன்னு. தழும்பு இருந்தா அவன் ஒரு வீட்டுப் பையன் ஆயிடுறானாம், எல்லார் வீட்டுப் பையனாவும் இருக்கணுமாம். நான் முடியாதுன்னு மல்லுக்கட்டிட்டு இருந்தேன். நீங்க எடுத்துட்டீங்க. அப்பாவே எடுத்துட்டாரு, அவருக்கு ஏதோ காரணம் இருக்கும், நான் யாரு கேக்கன்னு விட்டுட்டேன்."

பிசிறு முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். சிற்பி குரலைத் தாழ்த்தினார்.

"நாளைக்கு மத்தியானம் சாரம் பிரிக்கறாங்க. காலைல நான் அந்தப் பக்கம் வரமாட்டேன். எனக்கு எதுவும் தெரியாது."

மறுநாள் காலை அவர் மனைவியிடம் போய் நின்றார். "அத திரும்ப வைக்கப் போறேன். எங்கன்னு நீ வந்து காட்டு." அவள் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

ஐம்பது வயதுக்கு மேல் ஆனவள், முழங்கால் வலிக்காரி, சாரத்தின் ஏணியில் ஒவ்வொரு படியாக ஏறினாள். பின்னால் பிசிறு எரிவாயுக் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினார். திரையில் தீப் பட்டுவிடாமல் ஒதுக்கிக் கட்டினார். கீழே பேருந்துகள் சுற்றிக்கொண்டிருந்தன. மேலே அவர்கள் இரண்டு பேரும், அவனும். பக்கத்தில் நிற்கும்போதுதான் அவன் எவ்வளவு பெரியவன் என்று தெரிந்தது. கீழிருந்து பார்க்கிறவர்களுக்குச் சரியாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, ஆளைவிடக் கால் பங்கு கூடுதலாகச் செய்திருந்தார்கள்.

"சொல்லு. எங்க?"

அவள் கட்டைவிரலை நீட்டினாள். தாடையில் வைத்தாள். அங்கேயே நின்றாள்.

"இங்க... இல்லங்க. இன்னும் கொஞ்சம் கீழ."

"காதுக்குக் கீழ மூணு விரல்னு எனக்கு ஞாபகம். இது பெருசுல்ல, நாலு விரல் வச்சுக்கலாம்."

"காதுலேருந்து யாருங்க அளந்தா? நான் தொட்டா அங்க இருக்கும், அவ்ளோதான். வாயோரத்துலேருந்து கொஞ்சம் தள்ளி..."

"சாஞ்சு இருந்துச்சா, நேரா இருந்துச்சா?"

"சாஞ்சுதான்."

"எந்தப் பக்கம்? மேல ஏறியா, கீழ எறங்கியா?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். காற்றில் யாரோ நிற்பதுபோலக் கையைத் தூக்கி, விரலை ஓட்டிப் பார்த்தாள். "சிரிச்சா மடிஞ்சு உள்ள போயிடும். தூங்கறப்ப மேல வந்துடும். சின்னப் பையனா இருக்கறப்ப கிட்டத்தட்ட நேரா இருந்துச்சு, வளர வளரச் சாஞ்சிடுச்சு." கண்ணைத் திறந்து சிலையைப் பார்த்தாள். "இவன் சிரிக்கவும் இல்ல, தூங்கவும் இல்ல. எங்கன்னுங்க காட்டுவேன்?"

பிசிறு சாக்கட்டியை எடுத்து ஒரு கோடு போட்டார். அவள் தலையை ஆட்டினாள். அழித்துவிட்டு இன்னொரு கோடு போட்டார். அதற்கும் ஆட்டினாள். மூன்றாவதாக அவளே சாக்கட்டியை வாங்கிப் போட்டாள். போட்ட கோட்டைப் பார்த்துவிட்டுச் சால்வையால் துடைத்தாள். தாடை முழுவதும் வெள்ளையாகிவிட்டது. பிசிறு குழாயின் முனையில் தீயைப் பற்றவைத்தார்.

"பரவால்லம்மா, உத்தேசமா ஒரு எடத்துல சொல்லு. நான் வைக்கறேன்."

"உத்தேசமா வைக்கறதுக்கு அது என்ன சட்டைப் பொத்தானா?"

"ஒண்ணும் இல்லாம இருக்கறதுக்கு, ஏதோ ஒண்ணு..."

"வேணாங்க." அவள் குரல் உடைந்தது. "நீங்க தப்பா ஒரு எடத்துல வைப்பீங்க. நான் தினம் வந்து பாப்பேன். பாத்துப் பாத்து, அதுதான் அவன்னு ஆயிடும். இப்பவாவது எனக்குத் தெரியலன்னு தெரியுது. அப்புறம் அதுவும் தெரியாமப் போயிடும். அணைச்சிடுங்க அத."

பிசிறு தீயை அணைத்தார். சாரத்தின் பலகையில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அவர் வாய்விட்டு அழுதார். அவள் அவருடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள், அந்தக் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். கீழே சாரம் பிரிக்கிறவர்கள் வந்து "மேல யாரு?" என்று சத்தம் போட்ட பிறகுதான் இறங்கினார்கள். இறங்குவதற்கு முன் பிசிறு தண்ணீர் தொட்டுச் சுண்ணத்தைத் துடைத்தார். தாடை பளபளவென்று ஆயிற்று.

திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை நடந்தது. வாத்தியங்கள் வாசித்தார்கள். பதினோரு உறுப்பினர்களில் ஒன்பது பேர் பேசினார்கள். வெயில் ஏறிக்கொண்டே போயிற்று. மகன்களைப் பறிகொடுத்த வீடுகளிலிருந்து வந்தவர்களைக் கயிற்றுக்கு உள்ளே, முன்வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். பிசிறும் மனைவியும் அதில் ஓரமாக நின்றார்கள். சிலைக்கு நின்றவன் யார் என்று அங்கே யாருக்கும் சொல்லப்படவில்லை. திரையை இழுத்தார்கள், எல்லோரும் கை தட்டினார்கள்.

கை தட்டாமல் ஒருத்தி, பிசிறின் மனைவி வயதுதான் இருக்கும், வெளியூர்க்காரி, துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு சிலையையே பார்த்தபடி நின்றாள். திடீரென்று பிசிறின் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, இங்க பாருங்கம்மா. இது என் புள்ளம்மா."

பிசிறு சட்டென்று திரும்பினார். மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"அந்த நெத்தி, அந்தத் தாடை, எல்லாம் அவன்தான். அவன் பொட்டியக்கூட எங்களுக்குத் தொறந்து காட்டலம்மா. பாக்க வேணாம்னுட்டாங்க. எப்படிம்மா செஞ்சாங்க? என் புள்ளையப் பாக்காமலே எப்படிச் செஞ்சாங்க?"

பிசிறின் மனைவி வெகுநேரம் சிலையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"உங்க பையனுக்கு மூஞ்சில தழும்பு ஏதாவது உண்டாங்கம்மா?"

"இல்லம்மா. ஒரு கீறல் கெடையாது. கீழ விடாம வளத்தேன்."

"அப்படின்னா இது உங்க பையன்தாம்மா."

வெளியூர்க்காரி அவள் தோளில் சாய்ந்து கதறினாள். பிசிறின் மனைவி அவள் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள், அழுகை அடங்கும்வரை. அடங்கியதும் அவளை மெல்லப் பீடத்துப் பக்கம் திருப்பி, கயிற்றைத் தூக்கிப் பிடித்து, கிட்டே போய்ப் பார்க்கும்படி உள்ளே அனுப்பினாள். பிறகு கணவரிடம் வந்தாள்.

"வாங்க, போலாம். அவங்க பாக்கட்டும்."